நான் சொன்ன எழுபது கிலோ

ஹில்யா முஹோனென் பதினேழு வயதில் எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பண்ணைகளிலிருந்து வரும் நாற்பது லிட்டர் கேன்களை லாரியிலிருந்து மேடைக்கு மாற்றுவது அவள் வேலை. கேனும் பாலும் சேர்ந்து ஐம்பது கிலோவுக்குக் குறையாது. ஆண்கள் முழங்காலால் முட்டுக் கொடுத்து ஏற்றுவார்கள். இவள் கேனைக் கொஞ்சம் சாய்ப்பாள், அது உருளத் தொடங்கும்போது அந்த வேகத்தையே பிடித்துக்கொண்டு மேலே எடுத்துவிடுவாள். பதினோரு வருடம் அப்படி எடுத்தாள். பிறகு டேங்கர் லாரி வந்தது. கேன்கள் போயின. ஹில்யா தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கப் போய்விட்டாள்.

ஒரு கல்யாணம், மெர்வி என்று ஒரு மகள். கணவன் ஓய்வு பெற்ற வருடமே மாரடைப்பில் போனான். அதற்குப் பிறகு இருபது வருடம் அவள் தனியாகத்தான் இருந்தாள். ஏரிக்கரை வீடு, விறகுக் கொட்டகை, கரையோரம் சவுனா என்னும் நீராவிக் குளியலறை. மகள் நகரத்தில். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. எண்பதை நெருங்கும்போது கண்ணின் நடுப்பார்வை போயிற்று. ஓரப் பார்வை மட்டும் மிச்சம். ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. பலகை தெரியும், அதில் எழுதியிருக்கும் எண் தெரியாது.

என் வீடு சாலைக்கு அந்தப் பக்கம். முப்பத்தெட்டு வருடம் வீட்டுப் பராமரிப்பு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆட்களைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாற்றுவது என் தொழில். அவள் கேன் தூக்கினாள், நான் மனிதர்களைத் தூக்கினேன்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை அவள் சவுனாவின் புகைபோக்கியில் புகை நின்று வெகுநேரம் ஆகியும் உடை மாற்றும் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பனியில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஹில்யா கீழ்ப் பலகையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு ஆறிப்போயிருந்தது. கால் எழும்பவில்லை. இரண்டு மணி நேரமாக அங்கேயே இருந்திருக்கிறாள்.

"ஏன் கூப்பிடல?"

"யாரை?"

அக்குளில் கை கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்கி நிறுத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கால்சட்டையை நான் மாட்டிவிட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெர்விகிட்டச் சொல்லாதே."

"நான் ஏன் சொல்லப் போறேன்."

"நகரத்துல வயசானவங்களைப் பார்த்துக்கற அந்த உதவி வீடு இருக்கே, அதுல எனக்குப் பேர் கொடுத்து வச்சிருக்கா. ஜூன்ல நடுக்கோடைப் பண்டிகைக்கு அப்புறம் இடம் காலியாகுமாம்." சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு சொன்னாள்: "நடுக்கோடைக்குள்ள நானா மேல் பலகைக்கு ஏறி நானா இறங்குவேன். முடியலன்னா வீட்டுச் சாவியை அவ கையில கொடுத்துடறேன். பேச்சு முடிஞ்சுது."

எங்கள் சவுனாவில் மூன்று பலகை, படிபோல ஒன்றுக்கு மேல் ஒன்று. கீழே குழந்தைகள் உட்காருவார்கள். நல்ல சூடு மேல் பலகையில்தான். அங்கே உட்கார முடியாதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பழைய பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் ஊராட்சி ஒரு ஜிம் வைத்திருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு முதியோர் குழு. பன்னிரண்டு பேர் வருவோம். யார்க்கோ என்ற பயிற்சியாளர் நடத்துகிறார். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அதில் அன்றைய எடையைப் பென்சிலால் எழுத வேண்டும். அட்டைகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில். முடிந்ததும் நடைவழியில் காபி, ஏலக்காய் பன். மார்ச் மாதத்தில் ஹில்யாவை அங்கே கூட்டிப் போனேன்.

காலால் தள்ளும் மெஷின் பழையது. பின்னால் பத்துப் பத்து கிலோவாக இரும்புத் தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஓட்டை. எந்த ஓட்டையில் குச்சியைச் செருகுகிறோமோ அதுவரைக்கும் உள்ள எடை எழும்பும். எண்ணைப் படிக்க அவளால் முடியாது. ஆகவே குச்சி செருகுவதும் அட்டை எழுதுவதும் என் வேலை ஆயிற்று. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் இருபது கிலோ. பக்கத்து மெஷினில் எய்னோ இருந்தார். மர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"பால் கேன் தூக்கின பொண்ணுக்கு இருபது கிலோவா?"

"நீ லாரி ஓட்டினவன்தானே எய்னோ," என்றாள் ஹில்யா. "லாரி சுமந்தது. நீ உக்காந்திருந்தே."

எய்னோ சிரித்ததில் கையிலிருந்த பிடி நழுவி இரும்பு 'தடால்' என்று விழுந்தது. அவளை அவருக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

மூன்றாவது வாரம் முப்பதுக்குப் போகலாம் என்றார் யார்க்கோ. ஹில்யா தள்ளினாள். தட்டுகள் பாதி வரை வந்தன, தொடை நடுங்கியது, கீழே இறங்கிவிட்டன. அவள் முகம் பிப்ரவரியில் கீழ்ப் பலகையில் இருந்த முகமாக மாறியது.

நடுங்கும் கையில் கோப்பையைக் கொடுக்கும்போது பாதிதான் ஊற்ற வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். சிந்தாது, அவர்களுக்கும் அவமானம் இல்லை. அது என் கையில் ஊறிப்போன பழக்கம். குச்சியை உருவி, சத்தமில்லாமல் இருபதில் செருகினேன்.

"மூச்சு வாங்கிட்டு இன்னொரு தடவை பாரு. அதே முப்பதுதான்."

பத்து முறை தள்ளினாள். இறங்கும்போது அவள் காது மடல்கூடச் சிவந்திருந்தது. அன்றைக்குக் காபி குடித்துவிட்டு எழும்போது நாற்காலிக் கையைப் பிடிக்கவில்லை. நான் பார்த்தேன். அவளும் கவனித்தாள். பன்னில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இதுதான் மருந்து என்று நினைத்தேன். ஒரு காலத்தில் தூக்க மாத்திரைக்குப் பதிலாக வைட்டமின் மாத்திரை கொடுத்து ஒரு கிழவரை மாதக்கணக்கில் தூங்க வைத்திருக்கிறேன். அதில் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. ஆகவே தொடர்ந்தேன். என் கை ஓர் ஓட்டை இறங்குவதற்குள் என் வாய் இரண்டு ஓட்டை இறங்கிவிடும். ஏப்ரலில் ஐம்பது என்று சொன்னேன், செருகியது முப்பதில். மே நடுவில் எழுபது என்று சொன்னேன், செருகியது நாற்பதில். அட்டையிலும் எழுபது என்றே எழுதினேன். என் கையெழுத்து எப்போதுமே அழகாக இருக்கும்.

ஹில்யா வீட்டில் விறகு சுமக்க ஆரம்பித்தாள். சவுனாவில் இரண்டாவது பலகையில் கையை வைத்து, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். மெர்வியிடம் தொலைபேசியில் அவள் பேசியதை ஒரு நாள் கேட்டேன். "எழுபது," என்றாள். "கிலோதான், வேற என்ன, உருளைக்கிழங்கா?" வாழ்க்கையில் அவள் பெருமையடித்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த அறையில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு மெஷினில் உட்கார்ந்து, என் வாய் ஒன்று சொல்ல என் கை வேறொன்று செய்வதை வாரத்தில் இரண்டு முறை பார்த்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது பெரிய தப்பு. பக்கத்து வீடு எரிந்தால்கூட முதலில் கதவைத் தட்டி, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றுதான் ஆரம்பிப்போம். யார்க்கோ அட்டையைப் பார்ப்பார், குச்சியைப் பார்ப்பதில்லை. முப்பத்தெட்டு வருட அனுபவசாலி எழுதிய அட்டையை அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

மே கடைசியில் என் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். இரண்டு வாரம் அவள் ஊரில் இருந்தேன். கிளம்பும்போது ஜிம் ஞாபகமே வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

திரும்பி வந்த அன்று கடையில் யார்க்கோ என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஐலி, ஹில்யாவை டாக்டர்கிட்டக் காட்டணும். மூளையில ஏதாவது ரத்தக்குழாய் பிரச்சினையோன்னு பயமா இருக்கு."

"என்ன ஆச்சு?"

"நீங்க போன மறுநாள் வந்தாங்க. அட்டையைப் பார்த்து நான்தான் எழுபதுல செருகினேன். தட்டு அசையவே இல்லை. மூணு தடவை பார்த்தாங்க. ஒரு வாரம் முன்னாடி பத்துத் தடவை தள்ளின எடை! குறைச்சுக்கலாமான்னு கேட்டேன். உடனே கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வரவே இல்லை."

நான் கையிலிருந்த பால் டப்பாவின் தேதியைப் படித்தேன். இரண்டாவது முறையும் படித்தேன். "நான் போய்ப் பார்க்கறேன்," என்றேன்.

அவள் சமையலறையில் அட்டைப்பெட்டிகள் இருந்தன. கண்ணாடிப் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழுந்தபோது நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து, முன்னும் பின்னும் ஆடி, மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தாள். இரண்டு வாரம் முன்பு விறகு சுமந்த கால்கள். அந்தக் கால்களில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"மெர்வி நடுக்கோடைக்கு வரா," என்றாள். "சாவியைக் கொடுத்துடப் போறேன். சவுனாவைப் பூட்டிட்டேன். உனக்கு அந்த நீலக் கூஜா வேணுமா?"

"ஏன் இவ்வளவு அவசரம்?"

"சக்தி போயிடுச்சு, ஐலி. ஒரே வாரத்துல. வந்த மாதிரியே போயிடுச்சு. இந்த வயசுல அப்படித்தான் போகும்போல."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் காபி குடித்தேன். அக்காவின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது கோப்பையும் குடித்தேன். கூஜா அழகாக இருக்கிறது என்றேன். காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, சாலை வரை நடந்தேன். கூஜா என் கையில் இருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ பேரின் மலத்தையும் மூத்திரத்தையும் முகம் சுளிக்காமல் துடைத்திருக்கிறேன். என் சொந்த அசிங்கத்தோடு ஒரு சாலையைத் தாண்ட முடியவில்லை. திரும்பிப் போனேன். காலணியைக் கழற்றாமல் வாசல் மிதியடியிலேயே நின்றேன்.

"அது எழுபது இல்லை."

"எது?"

"நாற்பதுதான். நான் நாற்பதுல செருகிட்டு எழுபதுன்னு சொன்னேன். மார்ச்சிலேர்ந்து அப்படித்தான். யார்க்கோ நிஜமாவே எழுபதுல செருகிட்டார். அதனாலதான் அசையல. உனக்கு ஒண்ணும் ஆகல."

அவள் கையில் சுற்றி முடித்த ஒரு தம்ளர் இருந்தது. அதன் காகிதத்தைப் பிரித்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"ஏன்?"

"கால் நடுங்கிச்சு. நீ மனசு விட்டுடுவேன்னு நினைச்சேன். நல்லதுக்குத்தான்..."

"மெர்விகிட்ட எழுபதுன்னு சொன்னேன். அவ ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. அம்மா எழுபது கிலோ தள்றாங்கன்னு." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "பதினோரு வருஷம் கேன் தூக்கினவடி நான். நாற்பதுன்னா எப்படி இருக்கும், எழுபதுன்னா எப்படி இருக்கும்னு என் உடம்புக்குத் தெரியாதா? லேசா இருக்கேன்னு ஒவ்வொரு தடவையும் தோணிச்சு. ஐலி பொய் சொல்லமாட்டா, எனக்குத்தான் பலம் வந்திருக்குன்னு நினைச்சேன். என் காலை நம்பாம உன் நாக்கை நம்பினேன் பாரு."

"தப்புதான், ஹில்யா."

"சவுனாவுல என்னைத் தூக்கினியே, அன்னைக்குக்கூட இவ்வளவு கேவலமா இல்லை. அன்னைக்கு நான் அம்மணமா இருந்தது எனக்குத் தெரிஞ்சிருந்துது."

கூஜாவை மிதியடி ஓரத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

"அந்த ரூம்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். யார்க்கோவைத் தவிர."

"எய்னோவுக்கு?"

"அவர் பக்கத்து மெஷின்."

தலையை ஆட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஏரி தெரியாது அவளுக்கு, வெளிச்சம் தெரியும்.

"இப்ப நாற்பதுங்கறியே, அது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது?"

"உன் இஷ்டம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஜிம்முக்கு வந்தாள். என் காரில் இல்லை, டாக்ஸியில். யாருக்கும் வணக்கம் சொல்லாமல் மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து, தட்டுகளின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். மேலிருந்து கீழே தடவினாள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய பள்ளம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓட்டை, விரல் நுனி இறங்கும் அளவுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சத்தமாகவே எண்ணினாள்.

மூன்று மாதம் அந்தக் குச்சியை நான் பிடித்திருந்தேன். தடவி எண்ண முடியுமே என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை. அவளைக் கேட்கவும் இல்லை. வருடக்கணக்கில் கடிதங்களைத் தடவிப் பிரித்த விரல்கள் அவை.

நான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தேன்.

"அங்கயே நில்லு," என்றாள் திரும்பாமலே. "சுவத்தைப் பார்த்து நில்லு."

அறுபதைத் தாண்டிய பத்துப் பேருக்கு முன்னால், எழுபத்து நாலு வயதில், தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் தீயணைப்பு விதிகள் ஒட்டியிருந்தன. ஏழு விதிகள். அந்தக் குச்சி கீழே விழுந்தாலும் ஓசை தெளிவாகக் கேட்கும் அறை அது. நாற்பது கிலோ மேலே போய்க் கீழே வருவது ஒழுங்காகக் கேட்டது. பத்து முறை.

பிறகு விரல் உலோகத்தில் உரசும் சத்தம். "அஞ்சு," என்றாள்.

ஐம்பதில் நான் ஒருநாளும் செருகியதில்லை. யார்க்கோ ஏதோ சொல்லத் தொடங்குவது கேட்டது, எய்னோ 'ஸ்ஸ்' என்று அவரை அடக்கினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கம்பி மெல்ல முனகியது. தட்டுகள் மேலே போயின. கீழே வந்து முட்டின. ஆறு முறை. ஏழாவது பாதியில் நின்று இறங்கியது.

"அம்பது," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "இது கேன்டி. இந்தக் கனத்தை எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு முழுக் கணக்கும் புரிந்தது. பொய் சொன்னது மட்டும் இல்லை. அவளால் ஐம்பது முடிந்திருக்கிறது. எப்போதிலிருந்து முடிந்தது என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் நாற்பதோடு நிறுத்தி வைத்திருந்தேன். பாதிக் கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நிறைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவளும் தாகத்தோடேயே நன்றி சொல்லியிருக்கிறாள்.

"ஹில்யா," என்றார் எய்னோ. "நாங்களும் பார்த்தோம். சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். பொம்பளைங்க விஷயம், நமக்கு எதுக்குன்னு..."

"லாரியில பிரேக் போனாக்கூட நீ யார்கிட்டயும் சொல்லியிருக்கமாட்டே," என்றாள். "என் அட்டையை எடு. எழுபதையெல்லாம் அழி. அம்பது, ஆறு தடவைன்னு எழுது. ஐலி எழுத வேணாம்."

எய்னோ அழித்தார். ரப்பர் தேய்க்கும் சத்தத்தைச் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நிறைய எழுதியிருந்தேன், நேரம் எடுத்தது. அன்று நடைவழியில் காபிக்கு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதுவும் கோபத்தினால் இல்லை. அவர்களுக்கும் வெட்கமாக இருந்தது.

நடுக்கோடைக்கு முந்தைய சனிக்கிழமை ஹில்யா சவுனாவைத் திறந்து அடுப்பு மூட்டினாள். என்னைக் கூப்பிட்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. உடை மாற்றும் அறையில் உட்காரச் சொன்னாள். "விழுந்தா சத்தம் கேக்கும். அப்ப வா. மத்தபடி வராதே."

கதவு மூடியது. என் கைகளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவற்றுக்கு எழுந்து ஓடும் பழக்கம். பலகை ஒரு முறை கிரீச்சிட்டது. இன்னொரு முறை கிரீச்சிட்டது. பிறகு அடுப்பின் மேலுள்ள சூடான கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது. கால் மணி நேரம் போனது. மறுபடியும் தண்ணீர். அப்புறம் நீண்ட அமைதி. அந்த அமைதியில் நான் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தேன். பலகை கிரீச்சிட்டது. ஒரு பெருமூச்சு. இன்னொரு கிரீச்.

சிவந்த உடம்போடு கதவைத் திறந்து வந்தாள். பழக்கத்தில் என் கை நீண்டுவிட்டது.

"துண்டு," என்றாள்.

துண்டைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மெர்விக்குத் தொலைபேசி செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"ரெண்டாவது பலகை வரைக்கும் ஏறி இறங்கினேன்," என்றாள் ஹில்யா. "மேல் பலகை இல்லை. இன்னும் முடியல. அப்புறம், அந்த எழுபது தப்பு. அம்பதுதான். ஆபீஸ்ல சொல்லிடு."

"அம்மா, ரெண்டாவதுன்னா... அப்ப சாவி?"

"மேல் பலகைன்னு சொன்னவ நான்தான். ரெண்டாவது போதும்னு இப்ப சொல்றவளும் நான்தான். அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லு. மூணாவதை இலையுதிர் காலத்துல பார்த்துக்கலாம்."

"நிஜமா ஏறினியாம்மா? ஐலி அங்க இருக்காங்களா? அவங்ககிட்டக் கொடேன்."

"அவ எதுக்கு? அவ வெளியில உக்காந்திருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றேன்."

மறுமுனையில் மெர்வி "சரிம்மா," என்றாள்.

ஹில்யா காபிப் பாத்திரத்தை எடுத்தாள். கோப்பையின் விளிம்புக்கு உள்ளே விரலை மடித்து வைத்துக்கொண்டு, சூடு விரலைத் தொடும் வரை ஊற்றினாள். கொஞ்சம் தட்டில் சிந்தியது. நான் துடைக்கவில்லை.